ஓட்டுக்குள் போட்ட அரிசி

குசினி அத்தை வெண்ணெய்க் காகிதத்தைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அலசுவாள். மிஷன் பங்களாவில் இருந்த துரைசாணி அம்மாளுக்கு மெட்ராசிலிருந்து வரும் வெண்ணெய் அந்தக் காகிதத்தில்தான் சுற்றியிருக்கும். அதை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, உள்ளங்கையால் தடவித் தடவிக் கறையை எடுப்பாள். பிறகு கிழியாமல் இரண்டு விரல்களால் தூக்கி, பங்களாவின் பின்பக்கக் கொடியில் துரைசாணி அம்மாளின் காலுறைகளுக்குப் பக்கத்தில் காயப்போடுவாள். போர்டிங் பெண்களாகிய நாங்கள் கிணற்றடியிலிருந்து பார்த்துச் சிரிப்போம்.

"இன்னா அத்தே, இன்னிக்கிக் காகிதத்துக்கு எண்ண தேச்சித் தலைக்கு ஊத்தினியா?"

"சிரிங்கடி, சிரிங்க. உங்க பாவாடைய விட இது சுத்தமாக் கீது. இன்னொரு தபாக்கு ஆவும்."

இன்னொரு தபாக்கு ஆவும். இந்தச் சொல்லை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னாள் என்று தெரியாது. சணல் கயிற்றைச் சொல்வாள். கைப்பிடி உடைந்த கோப்பையைச் சொல்வாள். வடிகட்டிய தேயிலையை வெயிலில் உலர்த்திக்கொண்டே சொல்வாள். வாயைத் திறக்காத நேரத்தில் கையே அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்கள் அட்டவணையில் மட்டும் அது எழுதப்படும். மற்றபடி உத்திரமேரூர் பங்களாவுக்குள்ளும் வெளியிலும் அவள் குசினி அத்தைதான். மூன்று துரைசாணிகளுக்குச் சமைத்தவள். பங்களாவின் பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டிய ஓர் அறையில் இருந்தாள். பிள்ளை இல்லை. மானாம்பதிப் பக்கத்துச் சேரியில் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் வீடும் அதே சேரிதான். என் நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பலகையும் பலப்பமும் பிடித்த முதல் கை என் கை. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

துரைசாணி அம்மாள் விரும்பிச் சாப்பிடும் பண்டம் ஒன்று உண்டு. மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து, அப்பளத்தைவிடத் தடிமனாகத் திரட்டி, வட்டத் தகரத் தட்டில் படிய வைத்து, அதற்குள் எலுமிச்சைச் சாறும் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கூழை ஊற்றுவார்கள். 'பை' என்று அதற்குப் பெயர். நாங்கள் யாரும் தின்றதில்லை. வாசனை மட்டும் தெரியும். தட்டில் படிந்த அந்த மாவைக் குசினி அத்தை 'ஓடு' என்பாள்.

ஓட்டைச் சுடுவதில்தான் அவளுடைய வித்தையெல்லாம் இருந்தது. கூழ் ஈரமானது. பச்சை மாவில் ஊற்றிச் சுட்டால் அடி வேகாமல் களிபோலத் தங்கிவிடும். அதனால் ஓட்டை முதலில் வெறுமையாகச் சுட வேண்டும். வெறுமையாகச் சுட்டாலோ நடுவில் பூரிபோல உப்பிக்கொள்ளும், ஓரம் சரிந்து விழும். அது உப்பாமல் இருக்க, மாவின் மேல் வெண்ணெய்க் காகிதத்தை விரித்து, காகிதம் நிறைய மொச்சைக் கொட்டையைக் கொட்டுவாள். அந்தக் கனத்தில் மாவு அடங்கிக் கிடக்கும். மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்துச் செய்த அடுப்பில், மேலும் கீழும் தணல் போட்டுச் சுடுவாள். ஓரம் வெந்ததும் காகிதத்தோடு மொச்சையைத் தூக்கிவிட்டு, ஓட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காயவிடுவாள். மொச்சை ஆறியதும் பால்மாவு டின்னுக்குத் திரும்பிப் போகும். காகிதம் கொடிக்குப் போகும்.

அந்த மொச்சை எனக்கு மூத்தது. முதல் துரைசாணி காலத்தில் வெள்ளையாக வாங்கியதாம். பல நூறு முறை அடுப்பு ஏறி இறங்கி, தேயிலை நிறமாகி, பிறகு புளியங்கொட்டை நிறமாகி, நான் பார்க்கும்போது கறுத்துப் பளபளவென்று இருந்தது. டின்னைக் குலுக்கினால் கூழாங்கல் சத்தம் கேட்கும்.

"மூணு தொரசானியப் பாத்ததுங்க இதுங்க," என்பாள். "எங்கள மாரியே. வேக வேக கெட்டி."

துரைசாணி அம்மாளின் சமையல் குறிப்பு நோட்டு ஆங்கிலத்தில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொல்வாள். போர்டிங்கில் ஆங்கிலக் கையெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கை முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

"பதினைந்து நிமிஷம் சுடணும்னு போட்டுக்கீது அத்தே."

"அது அவங்க ஊரு பதினஞ்சி நிமிசம். இந்த ஊருல அதுக்குள்ளக் கரியாப் பூடும். புக்கு தப்பு."

"அப்பறம் எதுக்கு என்னப் படிக்கச் சொல்ற?"

"நீ படிக்கிறது நல்லாக் கீதுடி கண்ணு. சேரிக்காரப் பொண்ணு வாயில இங்கிலீசு கேக்க ஆசையா இருக்காதா எனக்கு?"

நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த வரியைப் படிப்பேன். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிருக்கும்.

அவளுடைய கணவனை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். மெட்ராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு முறை விட்டுவிட்டுப் போய் இரண்டு முறையும் திரும்பி வந்தானாம். மூன்றாம் முறை இருமலோடு வந்தான். அப்போதும் விறகுக் கொட்டகை அறையில் பாய் விரித்துப் போட்டாள். சேரியிலிருந்து அண்ணன் வந்து கத்தினாராம்.

"வெக்கங் கெட்டவளே! எச்சிலத் திரும்பத் திரும்ப எத்து வெக்கிறியே, உனக்கு ரோசம் இல்ல?"

"கத்தாத ணா. இருமறான். இன்னும் எத்தினி நாளுக்கு வருவான்? வர வரைக்கும் வரட்டும்."

நாற்பது நாள் வந்தான். பங்களாவில் விளிம்பு உடைந்ததென்று ஒதுக்கிய பீங்கான் கோப்பையில்தான் அவனுக்குக் கஞ்சி ஊற்றினாளாம். அவன் கண்ணை மூடிய பிறகு அந்தக் கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

எங்களுக்கு அவளைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. போர்டிங் சமையலையும் அவள்தான் மேற்பார்த்தாள். அரிசி கழுவிய நீரைக் கொட்டவிட மாட்டாள், குழம்பில் சேர்ப்பாள். கிழிந்த பாவாடையை வாங்கிக் கரித்துணி ஆக்குவாள். அரைத் துண்டு சோப்பை மூன்றாக அறுத்துக் கொடுப்பாள். எங்களில் வாய்த்துடுக்கானவள் எஸ்தர். என் பக்கத்துப் பாய்க்காரி. அவள் சொல்வாள்: "இந்த அத்த செத்தா சவப்பெட்டியக் கூட இன்னொரு தபாக்கு ஆவும்னு திரும்ப எத்துக்கினு வந்துடும்டி."

அது ரேஷன் காலம். மழை இரண்டு வருஷமாக ஏமாற்றியிருந்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கடைகளில் பருப்பும் பயறும் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. போர்டிங்குக்குப் பர்மிட்டில் ஒரு மூட்டை அரிசி வரும். அதை வாரத்துக்கு இரண்டு நாள் சோறாகப் பார்ப்போம். மற்ற நாளில் கப்பலில் வந்த சிவப்புச் சோள மாவில் காய்ச்சிய கஞ்சி. அது வயிற்றில் போய் நிற்கும், பசி மட்டும் நிற்காது. ஒரு தானியம் சிந்தினாலும் அது பாவம் என்று துரைசாணி அம்மாள் ஜெபத்தில் தம்முடைய புத்தகத் தமிழில் சொல்வார். "பிள்ளைகளே, ஒரு மணியையும் வீணாக்கலாகாது." நாங்கள் ஆமென் என்போம். வீணாக்க எங்களிடம் மணி ஏது என்று எஸ்தர் என் காதில் கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குக் குசினி அத்தை போயிருந்தாள். பசி எஸ்தரை அழவைத்துவிட்டது. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. "குசினியில ஒரு டின்னு மொச்ச கீதுன்னு சொன்னியே," என்றாள்.

"அது திங்கறதுக்கு இல்லடி. ஓட்டுக்குக் கனம் வெக்கிறது."

"மொச்ச மொச்சதான? நம்ம வூட்ல மொச்சயத் தின்னாம கனமா வெச்சிக்கினு இருந்தோம்?"

அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. எங்கள் சேரியில் மொச்சை வெந்தால் அன்று திருநாள். அதை டின்னில் பூட்டி வைத்துக்கொண்டு எங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறாளே என்று கோபமும் வந்தது. குசினிச் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்தான் போனேன். நான்தான் டின்னைத் திறந்து முந்தானையில் கொட்டினேன். காலி டின்னை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஏரிக்கரைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய பானை ஒன்றில் வேகவைத்தோம். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். இருபது வருஷத்து வெண்ணெய் வாசனை. எஸ்தர் பானையின் மேல் முகத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் சுள்ளி பொறுக்கிப் பொறுக்கிப் போட்டோம். வெயில் சாய்ந்தது. மொச்சை மட்டும் அப்படியே இருந்தது. ஒன்றுகூடத் தோல் விடவில்லை. எஸ்தர் பொறுக்க முடியாமல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல் ஓரம் உடைந்தது.

மணி அடிக்கும் நேரம் ஆகிவிட்டது. மொச்சையை ஏரி வெடிப்பு ஒன்றில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடினோம். கொதித்த தண்ணீரை ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம்.

திங்கட்கிழமை காலை ஜெபத்தில் துரைசாணி அம்மாள் இரண்டு செய்திகளைச் சொன்னார். தாம் தம் தேசத்துக்கே திரும்பிப் போகப் போவதாகவும், பங்களாவைப் பூட்டி வைக்கப் போவதாகவும் சொன்னார். புதன்கிழமை மலைமேல் இருக்கும் பங்களாவிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார் என்றும் சொன்னார். அந்த அம்மாளுக்கு ஒரு சமையல்காரி தேவை. நம்முடைய குசினி அம்மாளின் கையைப் பார்த்துப் பிடித்திருந்தால் கூட்டிப்போவார்.

குசினி அத்தை அன்று கரித்துணியால் வாசற்படியைக்கூடத் துடைத்தாள். "மலையில குளிருமாமே," என்று என்னிடம் கேட்டாள். "கம்பளி குடுப்பாங்களா? கேட்டுச் சொல்றியா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவங்க இட்டுக்கினு போவலன்னா எனக்கு வேற வூடு ஏதுடி? எங்கண்ணி என்ன நாய் தொட்ட சட்டி மாரிப் பாப்பா. இருபது வருசமா சேத்துல கால வெக்காத ஒடம்பு. இனிமே போயி நாத்து நட முடியுமா?"

வருகிற அம்மாளுக்கு அவள் 'பை'தான் சுடப்போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும். டின் காலி என்று சொல்லியிருக்கலாம். திங்கள் இருந்தது, செவ்வாய் இருந்தது. சந்தைக்கோ செங்கல்பட்டுக்கோ ஆள் அனுப்பி எதையாவது தேடியிருப்பாள். ஆனால் துரைசாணி அம்மாள் போகுமுன் ஒரு பெண்ணின் பெயரை ஆசிரியர் டிரெயினிங் பள்ளிக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தார். ஒரே ஒரு பெண். அது நான்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருடி என்று ஒரு சொல் விழுந்தால் அந்த இடம் போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நோட்டைப் படிக்க என்னைக் கூப்பிட்டாள். தட்டில் மாவு படிந்திருந்தது. காகிதம் விரித்திருந்தது. அவள் டின்னை எடுத்தாள். எடுத்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். கையை விட்டுத் துழாவினாள்.

"எங்கடி போச்சி?"

"எலி எத்துக்கினு போயிருக்கும் அத்தே," என்றேன்.

"மூடியத் தொறந்து எத்துக்கினு, திரும்ப மூடி வெச்சிட்டுப் போற எலியா?"

அவள் சிரிக்கவில்லை. போர்டிங் முற்றத்துக்குப் போய்ப் பெண்களை வரிசையில் நிற்கவைத்தாள். நானும் நின்றேன். எஸ்தர் எனக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பல் தெரியக் கூடாதே.

"யாராச்சும் வெளாட்டுக்கு எத்திருந்தா குட்த்துடுங்கம்மா. திட்டமாட்டேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு இன்னிக்கி அது வோணும். அவ்ளோதான்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்தில் நிற்காமல் கடந்து போனாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இங்கிலீஷ் படிக்கிற பெண் திருடுவாள் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள்.

குசினிக்குத் திரும்பியதும் தணலைக் கிளறிவிட்டாள். ஜல்லிக் கல்லைப் போடலாமா என்றேன். கூர் மாவைக் கிழித்துவிடும் என்றாள். மணல்? "ஒரு மணி பல்லுல பட்டாப் போதும், என் கத முடிஞ்சிது." சர்க்கரையும் வெண்ணெயும் அன்றைக்கு ஒரு முறைக்குத்தான் இருந்தன. தவறினால் மறுபடி பிசைய முடியாது. அவள் பார்வை சாமான் அறைக்குப் போனது. அங்கே போர்டிங் அரிசி மூட்டை இருந்தது.

"ஓட்டச் சுட்டுட்டுத் திரும்ப மூட்டையிலயே கொட்டிடப் போறேன்," என்று யாரிடமோ நியாயம் கேட்பதுபோலச் சொன்னாள். "அரிசி எங்க போவுது? கொஞ்சம் செவக்கும். அவ்ளோதான். நல்லாத்தான் வேவும்."

இரண்டு படி அரிசியைக் காகிதத்தின் மேல் கொட்டி, விரலால் ஓரம்வரை தள்ளினாள். அரிசியைத் தொடும்போது அவள் கை கொஞ்சம் கூசியது. பிறகு தட்டை அடுப்புக்குள் வைத்தாள்.

வந்த அம்மாள் உயரமானவர். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து காத்திருப்பவர் அல்ல என்று தெரிந்தது. குசினியைப் பார்க்க வேண்டும் என்று நேரே வந்துவிட்டார். பின்னால் துரைசாணி அம்மாள். பாத்திரங்களைப் பார்த்தார், கொடியில் காயும் காகிதங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். குசினி அத்தையின் முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில்தான் தணலை ஒதுக்கித் தட்டை வெளியே இழுக்க வேண்டியிருந்தது. இழுத்தாள். ஓடு நிறைய அரிசி. நடுவில் இன்னும் வெள்ளையாக, ஓரத்தில் பழுப்பாக.

அந்த அம்மாளின் புன்னகை நின்றது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். துரைசாணி அம்மாள் தமிழில் திருப்பினார்.

"இது யாருடைய அரிசி என்று வினவுகிறார்கள்."

"போர்டிங் அரிசிங்கம்மா." அப்புறம் நேரே அந்த அம்மாளுக்கே சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. இருபது வருஷக் குசினி ஆங்கிலத்தில் சொன்னாள். "வெயிட்டு மேடம். நோ வேஸ்ட்டு. டுமாரோ பாயில். கேர்ல்ஸ் ஈட்டு."

சொல்லச் சொல்ல அது மோசமாகிக்கொண்டே போனது. துரைசாணி அம்மாளின் கழுத்து சிவந்தது. "வழக்கமான மொச்சை எங்கே?"

"காணோங்கம்மா."

"இத்தனை ஆண்டுகள் இருந்தது. இன்றைக்கு எப்படிக் காணாமற்போகும்?"

குசினி அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. நீயும் பாத்தியே. டின்னு காலியா இருந்திச்சே. அந்தம்மாளுக்கு வெளங்குற மாரி இங்கிலீசுல சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளுடைய பார்வையில் பயமே இல்லை. நல்ல வக்கீல் கிடைத்த மாதிரி நின்றாள்.

இன்று காலை நாங்கள் திறந்தபோது டின் காலியாக இருந்தது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. உச்சரிப்புத் தவறாமல் சொன்னேன். வந்த அம்மாள் அந்தக் கோபத்திலும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இந்தப் பெண் நன்றாகப் பேசுகிறாளே என்று துரைசாணி அம்மாளிடம் சொன்னார். பிறகு தட்டைக் காட்டி, தாழ்ந்த குரலில் நீளமாகப் பேசினார். அது எனக்குப் பாதிதான் புரிந்தது. இங்கே குழந்தைகள் கஞ்சி குடிக்கிறார்கள். அவர்களுடைய அரிசியை என் பலகாரத்துக்காக நெருப்பில் போடுகிறாள். அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் முறை காய்ந்த ஓடு பொன் நிறமாக, ஓரம் ஓர் இடத்தில்கூடச் சரியாமல் வந்தது. அவள் அதில் கூழை ஊற்றி, ஆறவைத்து, வெட்டி அனுப்பினாள். நான்தான் மேசைக்கு எடுத்துப்போனேன். துரைசாணி அம்மாள் தம் துண்டைப் பாதி சாப்பிட்டார். வந்த அம்மாளின் தட்டு போனபடியே திரும்பியது. குசினி அத்தை அந்தத் துண்டைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஈரம் இல்லை. விரலால் தட்டினாள். மொறுமொறுவென்று சத்தம் வந்தது.

"அடி நல்லாதான வெந்துகீது?" என்று என்னைக் கேட்டாள்.

"நல்லா வெந்துகீது அத்தே."

ஜீப் போன பிறகு துரைசாணி அம்மாள் குசினி வாசலில் வந்து நின்றார். "அவர்களுக்கு ஆள் தேவைப்படவில்லையாம்," என்றார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த அரிசியைப் பற்றி அவருக்கும் மனம் ஆறவில்லை. "நீ என்னைக் கேட்டிருக்கலாமே," என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை சுட்ட அரிசியை வடித்து எங்களுக்குப் போட்டாள். மூட்டையில் திரும்பக் கொட்டக் கூடாது என்று உத்தரவாம். இளஞ்சிவப்பாக, பிரிபிரியாக, வெண்ணெய் வாசனையோடு இருந்தது அந்தச் சோறு. என் ஆயுளில் அதைப்போல ஒரு சோறு தின்றதில்லை. பெண்கள் தட்டை வழித்தார்கள். ஒருத்தி, "அத்தே, தெனமும் இப்டியே சுட்டுப் போடேன்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் கொஞ்சம் சிரித்தாள். எஸ்தர் மட்டும் மறுசோறு வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

பதினைந்து நாளில் பங்களா பூட்டப்பட்டது. புதிதாக வந்த பாதிரி ஐயருடைய மனைவி தம் வீட்டுச் சமையலைத் தாமே செய்பவர். சேரியிலிருந்து அண்ணன் வந்தார். கையில் துணி மூட்டையோடு அவள் வெளியே வந்ததும், "பங்களா சோறு செரிச்சிதா?" என்றார். "வா, களையெடுக்க ஆள் இல்ல." வண்டி இல்லை. மானாம்பதி ரோட்டில் இருவரும் நடந்தே போனார்கள், அவர் முன்னால், அவள் பின்னால். அவள் கால்களில் துரைசாணி அம்மாள் கொடுத்த பழைய ஷூ இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு டிரெயினிங் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இரண்டு வருஷம் படித்தேன். என் பெயருக்குப் பின்னால் ஒரு தகுதி வந்தது. எங்கள் பக்கத்திலேயே மிஷன் பள்ளியில் வேலையும் கிடைத்தது. என் நைனா இன்றைக்கும் பள்ளிக்கூட வேலி ஓரம் வந்து நின்று நான் பாடம் நடத்துவதைக் கேட்டுவிட்டுப் போவார்.

போன தை மாதம், மத்தியான இடைவேளையில், குசினி அத்தை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். பிள்ளைகள் முன்னால் என்னைக் கண்ணு என்று கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கினாள். "டீச்சர்," என்றாள்.

"உள்ள வா அத்தே."

"வேணாம். காலெல்லாம் சேறு." வாசலிலேயே குந்தினாள். இடுப்பிலிருந்து புது ஏர்மெயில் கவர் ஒன்றை எடுத்தாள். "தொரசானிக்கு ஒரு கடுதாசி எழுதணும். அட்ரசு ஐயரு குட்த்தாரு. இங்கிலீசுல எழுது. என்னால இனிமே முடியல. அண்ணன் செத்துப் பூட்டாரு. அண்ணி, அறுப்பு முடிஞ்சதும் போயிடுன்னு சொல்றா. மலையில அந்தம்மா இன்னும் கீறாங்களாம். தொரசானி ஒரு வார்த்த எழுதிட்டா எங்கியாச்சும் ஒரு குசினியில வெச்சிக்குவாங்க."

நான் மேசையைப் போட்டு எழுத உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுகமாக இருக்கிறேன். கை இன்னும் நடுங்கவில்லை. கண் தெரிகிறது. சம்பளம் வேண்டாம், இடம் மட்டும் போதும். நான் அதையெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்.

"அப்பறம் அந்த அரிசியப் பத்தி எழுது."

"அது பழைய கத அத்தே. இப்ப எதுக்கு?"

"அதத்தான் எழுதணும். மத்ததெல்லாம் சும்மா. நான் புள்ளைங்க அரிசியப் பாழ் பண்றவ இல்ல. மொச்ச காணாமப் பூட்டுது, வேற வழி இல்லாமப் போட்டேன். யாரு எத்தாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. ஆண்டவர் சத்தியமாத் தெரியாது. அப்டியே எழுது."

பேனாவில் மை இருந்தது. தாளில் இடமும் இருந்தது. பள்ளிக்கூட மேனேஜருக்கும் துரைசாணி அம்மாளுக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு என்பது எனக்குத் தெரியும். வேலி ஓரம் நைனா வந்து நின்றுகொண்டிருந்தார். யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

"எழுதிட்டியா? படி, கேக்கறேன்."

படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கட்டைவிரலை முந்தானையில் துடைத்து, மையில் ஒற்றி, அடியில் வைத்தாள். விரலில் வெடிப்பு இருந்ததால் ரேகை சரியாக விழவில்லை. அவளுக்கு அது திருப்தியாக இல்லை. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் கைநாட்ட யாரு நம்புவாங்க? கீழ உம் பேரயும் போட்டுடு கண்ணு. டீச்சர்னும் போடு. நீ பக்கத்துல இருந்தவளாச்சே. நீ சொன்னா நம்புவாங்க."

போட்டேன்.